டேங்கர் கல்யாணமும் அதை முன்கூட்டியே சொன்னவரும்

முனிகிருஷ்ணனை நான் முதலில் பார்த்தது எங்கள் கம்பெனி ஷட்டில் வேனின் ஓட்டுநர் இருக்கையில். பெங்களூர் வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு அல்சூரில் ஏறி, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: செங்கம் பக்கம் ஒரு கிராமம், எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான்.

"ரொம்ப சந்தோசம் சார். மொதல்ல பெல்ட்டப் போடுங்க" என்றார்.

போட்டேன். வண்டி கிளம்பியது. பையப்பனஹள்ளி தாண்டுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சார், நாடகம் பாப்பீங்களா? எங்க ஜோகுபாளையத்துல ஒண்ணு போடுறாங்க. காமெடி. நடுநடுவுல பாட்டு. கதையச் சொல்லமாட்டேன், சொன்னா சுவாரசியம் போயிடும்."

சொல்லமாட்டேன் என்றவர் டின் ஃபேக்டரி நெரிசலில் முதல் காட்சியை முடித்தார். மகாதேவபுராவில் இடைவேளை விட்டார். ஐ.டி.பி.எல். டெக் பார்க் வாசலில் இறங்கும்போது எனக்கு முழு நாடகமும் தெரியும்.

நாடகத்தின் பெயர் 'டேங்கர் கல்யாணம்'. கல்யாண மண்டபத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். டேங்கர்காரர் வருகிறார், ஆனால் குழாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அவருக்கு ஓர் ஆசை: மாப்பிள்ளையின் நாற்காலியில், மாலை போட்டுக்கொண்டு, ஒரு போட்டோ. கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவரை உட்காரவைத்து ஆரத்தி எடுக்க, தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் முனிகிருஷ்ணன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் பாடினால் பின்சீட்டில் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள்.

"டேங்கரு வந்தா தாலி! வராட்டி மண்டபம் காலி!"

நாடகத்தை எழுதியவர், பாட்டுக் கட்டியவர், பெண்ணின் அம்மாவாக நடிப்பவர் எல்லாம் ஒரே ஆள்: அவர் மனைவி சந்திரம்மா. பகலில் ரவிக்கை தைப்பவர். டேங்கர்காரராக வருபவர் மஞ்சுநாத், பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். கல்யாணப் பெண் ரூபினி, மொபைல் கடையில் வேலை. கீபோர்டு வாசிப்பவரே மாப்பிள்ளை, தபேலாக்காரரே மாப்பிள்ளையின் அப்பா. இதுதான் மொத்தக் குழு.

இரண்டு முறை போட்டிருந்தார்கள். இரண்டு முறையும் வந்தவர்கள் சொந்தக்காரர்கள்தான். நாடகம் போடும் ஹாலைக் கவனிக்கும் நாணு சார் ரிட்டயரான அரசு அதிகாரி. அவர் பணிவாகவே சொல்லியிருந்தார்: "இதோ பாரும்மா, அடுத்த தடவையும் ஹால் காலியா இருந்தா, அந்தச் சனிக்கிழமைய யோகா கிளாஸுக்குக் குடுத்துடப் போறோம். தப்பா எடுத்துக்காதே." அந்த ஹால் போனால் வேறு ஹால் கிடையாது; நாடகமும் கிடையாது.

இதை நான் சந்திரம்மா வாயாலேயே கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிகிருஷ்ணன் காபிக்குக் கூப்பிட்டிருந்தார். தையல் மிஷினை நிறுத்தாமலே அவர் கணவரிடம் சொன்னார்:

"ஏங்க, ஆளுங்களக் கூட்டிட்டு வரணும், அவ்ளோதான் உங்க வேலை. நல்லா இருக்கும், வாங்கன்னு சொல்லுங்க. கதையச் சொல்லிக் கெடுத்தீங்க, வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"சேச்சே! நான் போயி சொல்வனா?"

நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

"இன்ஜினியர் தம்பி ஏன் சிரிக்குது?"

"காபி சூடா இருக்குக்கா."

அந்த மாதம் முழுக்க ஷட்டிலில் காலை ஆட்டம், மாலை ஆட்டம். தமிழ் தெரியாதவர்களுக்குக் கன்னடத்தில், இரண்டும் தெரியாதவர்களுக்குக் கையாலும் முகத்தாலும். எங்கள் டீம் லீட் நிருபமா மீட்டிங்கிலேயே "டேங்கரு வந்தா தாலி" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்.

நாடகச் சனிக்கிழமை வந்தது. ஹால் நிறைந்துவிட்டது. எங்கள் ஷட்டில், அதற்குப் பின்னால் வரும் ஷட்டில், அவரவர் வீட்டு ஆட்கள். நாணு சார் முன்வரிசையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். முனிகிருஷ்ணன் கடைசி வரிசையில் மாப்பிள்ளை மாதிரி கால்மேல் கால் போட்டிருந்தார்.

திரை விலகியது. சந்திரம்மா காலி வாளியோடு வந்தார். வாயைத் திறக்கும் முன்பே ஹால் சிரித்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பை ஒரு சொடுக்கு சொடுக்கிக்கொண்டார். பாட்டு வந்தது. "டேங்கரு வந்தா" என்று அவர் எடுத்ததுமே "தாலீ!" என்றது கூட்டம். அவர் புருவம் லேசாக ஏறியது.

பிறகு மஞ்சுநாத் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மீசையை நீவி, பெரிய இழுவையாகக் கேட்டார்: "தண்ணி வேணும்னா எனக்கு என்ன வேணும் தெரியுமா?"

"மாப்பிள்ளை சேரு!" என்று ஹாலே கத்தியது.

மஞ்சுநாத் அப்படியே நின்றுவிட்டார். அது அவருடைய வசனம். அதைப் பறித்துக்கொண்ட பிறகு அவரிடம் மீசை மட்டும்தான் இருந்தது. மெதுவாகச் சந்திரம்மா பக்கம் திரும்பி, மைக்கில் விழும்படியே கேட்டார்: "அக்கா, இப்ப நான் என்னா சொல்றது?"

சந்திரம்மா மேடை விளிம்புக்கு வந்தார்.

"யாருங்க உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

ஷட்டில் கூட்டத்துக்குக் கொஞ்சமும் நன்றி இல்லை. அத்தனை கைகளும் கடைசி வரிசையைக் காட்டின. என் கையும்தான். முனிகிருஷ்ணன் முன்னால் இருந்த அம்மாளின் பூவுக்குப் பின்னால் தலையை மறைத்துப் பார்த்தார்.

"எல்லாம் தெரிஞ்ச மகராசா, மேல வாங்க."

"ஏய், சும்மா இரும்மா. நாடகம் நடக்குதில்ல?"

"எங்க நடக்குது? அதான் வண்டியிலயே நடத்தி முடிச்சிட்டீங்களே! வாய்யா மேல!"

நாங்களே அவரைத் தள்ளிவிட்டோம். மேடை ஏறியவர் கையில் வாளியைக் கொடுத்து, "அந்த ஓரமா நில்லுங்க. அடுத்து என்னான்னு நீங்களே சொல்லிட்டு வாங்க" என்றார் சந்திரம்மா.

முனிகிருஷ்ணனுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இப்ப மாலை போடுவாங்க." போட்டார்கள். "இப்ப மாப்பிள்ளை அப்பா அழுவாரு." அழுதார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். "இப்ப ஆரத்தி, அப்புறம் தண்ணி" என்றார், வாளியை நீட்டிக்கொண்டு.

சந்திரம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார். ரூபினியின் காதில் என்னவோ சொன்னார். கல்யாணப் பெண் புடவையைத் தூக்கிச் செருகினாள், மஞ்சுநாத்தின் இடுப்பிலிருந்த டேங்கர் சாவியை உருவினாள்.

"மொதல்ல எங்க தெருவுக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன். கல்யாணம் அப்புறம்!"

சொல்லிவிட்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டிக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, ஹால் நடுவே ஓடி, வாசல் வழியாக வெளியே போயேவிட்டாள்.

முனிகிருஷ்ணன் அலறினார்: "ஐயய்யோ! இது கதையிலயே இல்லையே!"

அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை எந்த ஹாலிலும் கேட்டதில்லை. மஞ்சுநாத் மாலையோடு "என் வண்டி! என் வண்டி!" என்று பின்னால் ஓடினார். இடுப்பிலிருந்தது அவருடைய சொந்த பைக் சாவி, நிஜமாகவே பயந்துதான் ஓடினார் என்று பிறகு தெரிந்தது.

நாணு சார் எழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சந்திரம்மா, அடுத்த மாசமும் ஹால் உங்களுக்குத்தான். யோகாக்காரா ஞாயித்துக்கிழமை பண்ணிக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்த வாளிக்காரர் கண்டிப்பா வரணும்."

"அவரா? அவரு வீட்டுக்குள்ளயே வரக்கூடாது சார்."

"ஸ்டேஜுக்கு வரலாமோல்லியோ?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சந்திரம்மா முடிவை மாற்றுகிறார். கணவருக்கு மட்டும் சொல்வதில்லை. ஆகவே பெங்களூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போய்ப் பாருங்கள். கதை தெரிந்தே போங்கள், பாட்டையும் முன்கூட்டியே பாடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், மஞ்சுநாத் கையில் கிடைப்பவர்களை மேடைக்கு இழுத்துவிடுகிறார்.

முனிகிருஷ்ணன் வைட்ஃபீல்டுக்கு அதே ஷட்டிலைத்தான் ஓட்டுகிறார். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஜோகுபாளையத்தில் நடிக்கிறார். வீட்டுக்குள்ளும் போய் வருகிறார்.