சூடத்தில் கை வைக்காதவர்கள்

எங்கள் கால்பந்து லீக்கின் தலைவர் ஒரு நாள் காலையில் என் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி தலையில் அடித்துக்கொண்டார். உலகக் கால்பந்தை நிர்வாகம் பண்ணுகிற பெரிய மனிதர்கள் லஞ்சம் வாங்கிய கதையை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். உலகக் கோப்பையை எந்த நாட்டில் நடத்துவது என்று ஓட்டுப் போடுகிறவர்களுக்கே கவர் போயிருக்கிறது, ஹோட்டல், விமானம், கைக்கடிகாரம் எல்லாம் போயிருக்கிறது. தலைவருக்கு மனசு ஆறவில்லை.

"வெளையாட்டுல போயி காசு வாங்குறானுங்க பாரு பாய். இவனுங்க சோறுதான் துன்றானுங்களா?" என்றார்.

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏனென்றால் தான் கொடுப்பதற்கு அவர் வைத்திருந்த பெயர் வேறு. அவர் அதை மரியாதை என்பார்.

வில்லியனூர் கடைத்தெருவில் எனக்குப் பை, குடை, செருப்புக் கடை. என் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. மிச்சத்தைக் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து படித்துக்கொண்டேன். ஒரு குடை வாங்க வருகிறவர் குடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் எனக்கு அன்றைய வியாபாரம் நஷ்டம் மாதிரி இருக்கும். கடையில் பந்தும் தொங்கும். பந்தைக் கடனுக்குக் கொடுக்கிறவனைத்தான் எந்தக் கிளப்பும் செயலாளராக வைக்கும் என்பதால், எங்கள் கிளப்புக்கு நான் செயலாளர்.

லீக் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வில்லியனூர்ப் பக்கம், பாகூர்ப் பக்கம், ஏம்பலம், மடுகரை, கடலோரத்தில் நல்லவாடு வரைக்கும் சேர்த்துப் பதினோரு கிளப். அறுவடை முடிந்த நிலத்தில் ஆடுகிறவர்களும் உண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் ஆடுகிறவர்களும் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை தலைவர் தேர்தல். பெரிய கிளப்போ சின்ன கிளப்போ, ஒன்றுக்கு ஒரு ஓட்டு. உலகத்திலும் அப்படித்தானாம். வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தீவுக்கும் ஒரு ஓட்டு, கண்டம் மாதிரி கிடக்கிற நாட்டுக்கும் ஒரு ஓட்டு. எதிரே டீக்கடை வைத்திருக்கிற நண்பர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் தீவுக்காரனை வாங்குவதுதான் சல்லிசு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

என் மகள் கோல்கீப்பர். அரசுப் பள்ளியின் பி.டி. டீச்சர் ஒருவர் சாயங்காலங்களில் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஒரு அணி கட்டியிருந்தார். என் மகள் முழுக்கை சட்டையும் தலைத்துணியுமாகக் கம்பங்களுக்கு நடுவே நிற்பாள். பந்து வரும்போது மட்டும் அவள் யார் பெண் என்றே எனக்குத் தெரியாது, அப்படிப் பாய்வாள். ஆனால் எங்கள் லீக்கில் பெண்கள் அணியைப் பதிவு செய்வதில்லை. லீக்கில் பதிவு இல்லாவிட்டால் மாநில அணித் தேர்வுக்குப் பெயர் போகாது. அவளுக்கு அது பிளஸ் டூ வருஷம். பள்ளி முடிந்துவிட்டால் அவளுக்கு அணியும் இல்லை, மைதானமும் இல்லை. அந்த வருஷத்துக்குள் பதிவு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். "வெளையாடட்டும் பாய், யாரு வேணான்னா? அதுக்கு எதுக்கு லீக்கு? பாத்துக்கலாம்" என்றார். அவர் மனை போட்டு விற்கிறவர். 'பாத்துக்கலாம்' என்று அவர் சொன்னால் அந்த மனைக்குப் பட்டா வராது என்பது ஊருக்கே தெரியும்.

டீச்சர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு தலைவர் பதவிக்குத் தானே நிற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் லீக்கில் எதிர்த்து ஒருவர் நின்று அத்தனை காலமாகியிருந்தது; ஓட்டுப் பெட்டியையே தேடி எடுக்க வேண்டியிருந்தது.

தலைவர் கோபப்படவில்லை. டீச்சரின் பள்ளிக் கிளப்பை விட்டுவிட்டு மற்ற கிளப் பிரதிநிதிகளையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றுக்கு அழைத்துப் போனார். செயலாளர் என்பதால் நானும் ஏறினேன். அங்கே மட்டன் பிரியாணி. ஆளுக்கொரு மிக்ஸி, பெட்டியோடு. உள்ளே ஒரு கவர். சாப்பாடு முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து அதன் மேல் சூடம் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

ஓட்டு ரகசிய ஓட்டு. யார் யாருக்குப் போட்டார்கள் என்று பார்க்க முடியாது. அதனால்தான் சூடம். ஒவ்வொருவராக வந்து, என் ஓட்டு தலைவருக்குத்தான் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் பொத்தி அணைக்க வேண்டும். மாதா கோயில் தெருக் கிளப்புக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அதையே செய்தார். என் முறை வந்ததும் தலைவருக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது.

"பாய், உங்களுக்கு இன்னா முறை?"

"பிரியாணி சாப்பிட்டா கை கழுவுறதுதான் எங்க முறை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "தலைவரே, எம் பொண்ணு வெளையாடுறா. என் ஓட்டு டீச்சருக்கு" என்றும் சொல்லிவிட்டேன்.

பாத்துக்கலாம் என்றார். எனக்கு மிக்ஸி ஏற்றவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்து பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடச் சொன்னார். மனிதர் அப்படித்தான்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். என் ஓட்டு ஒன்று, டீச்சரின் பள்ளிக் கிளப் ஒன்று. மீதி ஒன்பது பேரும் சூடத்தில் கை வைத்துவிட்டார்கள். கவர் வாங்கியவனை மனசு மாற்றலாம். சத்தியம் பண்ணியவனை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அப்போதுதான் ஒன்று உறைத்தது: லஞ்சம் என்பது நேர்மை கெட்டவர்களால் நடக்கிற வியாபாரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. வாங்கியவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கையில்தான் அது ஓடுகிறது. பேப்பரில் வந்த அந்தக் கனவான்களும் அப்படித்தான் ஒருவருக்கொருவர் வாக்குத் தவறாமல் இருந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள்தான் கதவைத் திறந்தாள். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சிட்டமா அத்தா?" என்றாள். சாப்பிடச் சொன்னேன்.

அதற்கு அடுத்த சில நாளில் நல்லவாட்டிலிருந்து மீனவர் கிளப்பின் பிரதிநிதி கடைக்கு வந்தார். கட்டுமஸ்தான ஆள், படகுக்காரர். அவர் மகள்தான் எங்கள் பெண்கள் அணியில் கோல் அடிக்கிறவள். காலில் போடுகிற ஸ்டட் ஷூ வேண்டும் என்றார், நல்லதாக. மகள் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாளாம். கிளப்புக்கு விளக்குக் கம்பம் போட்டுத் தருவதாகத் தலைவர் சொன்னதில் மயங்கிக் கையை வைத்துவிட்டேன், இப்போது வீட்டில் சோறு போடுகிற கரண்டி கூடச் சத்தம் போடுகிறது என்றார்.

"மாத்திப் போட்டா என்ன, யாருக்குத் தெரியப் போவுது?" என்று நான் கேட்கவில்லை. கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அவரே சொன்னார்: "அணைச்சிட்டன் பாய். மாத்திப் போட்டுட்டு எந்தத் தெகிரியத்துல கடல்ல எறங்குவன்?"

அந்த நேரத்தில் அவர் மனைவி வந்தார். காலையில் கரையில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வந்து, எங்கள் பக்கமெல்லாம் தெருத் தெருவாக விற்கிறவர்; எங்களுக்கெல்லாம் அவர் மீனம்மா. அன்னக்கூடையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முதலில் ஷூவின் விலையைக் கேட்டார், பிறகு அந்த விலைக்காக என்னைத் திட்டினார், பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினார்.

"சூடத்துல யாரு கை வெச்சது?"

"நான்தான்."

"நான் வெச்சனா?"

"நீ எதுக்குடி வெக்கப் போற?"

"அப்ப ஓட்ட நான் போடுறன். ஓட்டு உன்னுதா, கிளப்புதா?"

நான் கல்லாவுக்குக் கீழே கிடந்த லீக் விதிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். கிளப்பின் எந்த உறுப்பினரும், செயலாளர் எழுதிக் கொடுத்தால், கிளப்புக்காக ஓட்டுப் போடலாம் என்று இருந்தது. அந்த விதியைக் கொண்டுவந்தவரே தலைவர்தான். கூட்டங்களுக்கு வர முடியாத கிளப்புகளுக்குத் தன் டிரைவரை உறுப்பினராக்கி ஓட்டுப் போட வைப்பதற்காக.

அந்தம்மா சந்தா எவ்வளவு என்று கேட்டார். ஷூ விலையில் அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மீன் கூடையோடு நடந்தது. ஏம்பலத்தில் ஒரு நாள், மடுகரையில் ஒரு நாள், பாகூரில் ஒரு நாள் என்று அவருக்கு வாடிக்கை வீடுகள். கிளப் பிரதிநிதிகளின் வீடுகளில் பாதிக்கு மேல் அவரிடம்தான் மீன் வாங்குகிறது. வாசலில் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டே, உன் வூட்டுக்காரர் எந்தக் கையால அணைச்சாரு என்று ஆரம்பிப்பாராம். பிறகு, உனக்கு மகள் இருக்கிறாளா என்று. ஒரு வீட்டில், மிக்ஸி நன்றாக ஓடுகிறது, அதைக் கெடுக்காதே என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டில் புருஷனே உள்ளேயிருந்து வந்து, நானே இதை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் தூங்காமல் கிடக்கிறேன், என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போ என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். சாயங்காலம் கூடை காலியானதும் என் கடைக்கு வந்து ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டுவார். டீக்கடை நண்பர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

தேர்தல் பாகூர்ப் பக்கத்தில் ஒரு சமுதாய நலக்கூடத்தில் நடந்தது. தலைவர் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு மிக்ஸிப் பெட்டி. பின்னாலேயே பைக்கில் அவர்கள் புருஷன்மார்கள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

தலைவர், "சமையல் கட்டு பின்னால இருக்குதும்மா" என்றார்.

"சமைக்க வரல. ஓட்டுப் போட வந்தம்" என்றார் மீனம்மா. பெட்டியை அவர் காலடியில் வைத்தார். "கவரு உள்ளாரயே இருக்குது. ஒரு தடவ தேங்கா அரைச்சிட்டன், கழுவித்தான் வெச்சிருக்கன்." மற்றவர்களும் வரிசையாக வைத்தார்கள்.

தேர்தல் நடத்த வந்திருந்த ஓய்வுபெற்ற பேங்க்காரர் விதியை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அடியில் தலைவரின் கையெழுத்து. கிளப் செயலாளர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களை வாங்கிக்கொண்டு, உள்ளே போங்கள் என்றார்.

தலைவர் கேட்டுக்குப் போனார். அங்கே நின்றிருந்த படகுக்காரரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சூடத்த அணைச்சியேப்பா" என்றார்.

"நான் மாறல தலைவரே. இன்னிக்கும் நான் உங்களுக்குத்தான். ஆனா ஓட்டு எங்கையில இல்ல" என்றார் அவர். முகத்தில் அப்படியொரு நிம்மதி. சொன்ன சொல்லையும் காப்பாற்றிக்கொண்டு, மகளையும் காப்பாற்றிக்கொண்ட மனிதனின் முகம் அது.

ஏழுக்கு நாலு. டீச்சர் ஜெயித்தார்.

பேங்க்காரர் அதைப் படித்தபோது பெண்கள் போட்ட குலவையில் பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இன்ன விஷயம் என்று தெரியாமலேயே அவர்களும் பதிலுக்கு ஒரு குலவை போட்டார்கள். தலைவர் வந்து டீச்சருக்குச் சந்தனம் கொடுத்தார். இருந்த கிண்ணம் அது ஒன்றுதான்.

அந்த வாரமே பெண்கள் அணி பதிவானது. புதுக் கமிட்டியில் மீனம்மாவும் உறுப்பினர். முதல் கூட்டத்தில் அவர் பேசிய ஒரே விஷயம், பிள்ளைகள் உடை மாற்ற எங்கே இடம், ஒதுங்க எங்கே இடம் என்பதுதான். அதுவரை அந்தக் கேள்வியை எங்கள் லீக்கில் யாரும் கேட்டதில்லை. கோடைக்குள் பாகூர் மைதானத்தில் சுவர் எழும்பி, கதவும் தாழ்ப்பாளும் வந்துவிட்டன.

தேர்வுக்கு எங்கள் அணியிலிருந்து இரண்டு பெயர் போனது. இரண்டு பேரும் எடுக்கப்பட்டார்கள். மாநில அணிக்காக என் மகள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற முதல் ஆட்டத்துக்கு, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். என் பக்கத்தில் படகுக்காரர், அந்தப் பக்கம் அவர் மனைவி. முன்னால் எதிரணிக்குப் பெனால்டி. என் மகள் இடது பக்கம் பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். என்னைச் சுற்றி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் எழுந்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நேரம் பார்த்து போன். வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர், மழை பிடித்துக்கொண்டது, குடைக்கு வந்து நிற்கிறேன், கடை ஏன் சாத்தியிருக்கிறது என்றார். போனை மைதானத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தேன், அவரும் கேட்கட்டும் என்று.