அத்தை நெட்டை அணைத்தபோது

கதிர் அறுக்கும் மெஷினை விவசாயிகள் போனிலேயே பதிவு செய்ய ஓர் இணையதளம். அதை எந்த ஃபிரேம்வொர்க்கில், அதாவது எந்த ஆயத்த நிரல் சட்டகத்தில், கட்டுவது என்பதில் எனக்கும் சென்னையிலிருந்த எங்கள் குழுத் தலைவருக்கும் ஒரு மாதமாக மல்லுக்கட்டு. இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ்தான். அவர் பிடித்தது உலகமே பயன்படுத்துவது. நான் பிடித்தது சின்னது, பளபளப்பு இல்லாதது. "என்னுடையது தோற்றால் திட்டத்தை விட்டே விலகிக்கொள்கிறேன்" என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார்.

ஆர்.எஸ். மங்கலத்தில் என் அத்தைக்குக் கண்மாய்ப் பாசனத்தில் வயல் உண்டு. சொந்த விவசாயம், யாருக்கும் பயப்படாத வாய். இரண்டு மாதிரிப் பக்கங்களையும் அவள் போனில் வரப்பிலேயே சோதிப்பதாக முடிவானது. என் போனில் தலைவர் ஸ்பீக்கரில் இருந்தார். பதிவு விழுந்தால் அவர் கணினியில் தெரியும்.

முதலில் அவருடையது. அத்தை நெட்டைப் போட்டாள். பக்கம் அழகாக வந்தது. வந்த கையோடு நெட்டை அணைத்துவிட்டாள். தேதியை அமுக்கினாள், பட்டனை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏண்டி, இது பொம்மையா? அசைய மாட்டேங்குது."

பக்கத்தின் முகம் வந்துவிட்டது, அதை இயக்கும் நிரல் பாதி வழியில் நின்றுபோனது. மறுபடி நெட்டைப் போட்டும் பட்டன் அப்படியே கிடந்தது.

"நெட்டை ஏன் ஆஃப் பண்றாங்க? யாருமே அப்படி யூஸ் பண்ண மாட்டாங்க" என்றார் தலைவர்.

அத்தைக்குச் சுருக்கென்று வந்தது. "எங்கூருல எல்லாரும் இப்புடித்தேன் தம்பி, இல்லாட்டி டேட்டா தீந்துரும். வயலு நெறைஞ்சா மடைய அடைக்க மாட்டீகளா?"

அடுத்து என்னுடையது. வெறும் எழுத்தும் கட்டங்களும்தான். பக்கம் வந்ததும் அத்தை நெட்டை அணைத்தாள். நிதானமாகப் பெயரை, வயலை, தேதியை நிரப்பினாள். நெட்டைப் போட்டு ஒரே அமுக்கு.

"வந்துருச்சு" என்றார் தலைவர். "சரி, இதையே எடுத்துக்கலாம்."

வரப்பென்றும் பாராமல் குதித்தேன். ஒரு கால் சேற்றில் போனது. இரண்டையும் ஒப்பிடப் பன்னிரண்டு கேள்விகளோடு நான் போட்டிருந்த மதிப்பீட்டு அட்டவணையில் நெட்டை அணைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

"சரிடி, மிஷினு எப்ப வரும்?" என்றாள் அத்தை.

"இது சோதனைதான் அத்தை."

"அடிப்பாவி, நெசமாவே பதிஞ்சேன்டி!"

தையில் தளம் திறந்த அன்று முதல் பதிவு அவளுடையதுதான். சொன்ன தேதியில் மெஷின் வயலில் இறங்கியது. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். வாட்ஸ்அப்பிலேயே நன்றி சொன்னால் ஒற்றை டிக்தான், போய்ச் சேரவில்லை. அதற்குள் நெட்டை அணைத்துவிட்டாள்.