தூங்கிய இடத்திலிருந்து

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பேய் பிசாசு என்று நடுங்குகிற ஆளில்லை. ரொட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை எனக்கு. விடிவதற்கு முன்பே ஆளில்லாத தெருவில் தனியாக நடந்து போகிறவள். எனக்குப் பயம் என்றால் அது நாய்க்கு மட்டும்தான். ஆனால் இது எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். கதை கட்டத் தெரிந்தவளாக இருந்தால் இதைவிட நல்ல முடிவாக வைத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் அவரை "இன்ஜினியர் சார்" என்றுதான் கூப்பிடுவேன். கிண்டல்தான். வீட்டில் எந்தப் பொருள் நன்றாக ஓடினாலும் அதைப் பிரித்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒருநாள் ஏதோ ஆபீசில் ஓரம்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிவியோடு சேர்த்துவிட்டால் இனி நினைத்த நேரத்தில் நினைத்ததைப் பார்க்கலாம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போனது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டிவிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஒருவழியாகப் படம் வந்தது.

"படம் வருது. சத்தம் எங்க, இன்ஜினியர் சார்?"

"வரும்."

"எப்ப?"

"நீ கொஞ்சம் வாயை மூடினா வரும்."

சத்தம் டிவி வழியாகப் போக வேண்டும் என்று செட்டிங்க்ஸில் மாற்றியதும் சத்தமும் வந்தது. அப்புறம் பார்த்தால் படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, ஒருத்தருக்கும் நெற்றி இல்லை. அதையும் சரி செய்தார். கடைசியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ரிமோட் வந்தது. அதற்கு ரிசீவர் என்று நகத்தளவில் ஒரு சாமான். அதைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினார். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ரிசீவரில் பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கும். பின்னால் இருந்த சுவரில் அந்தப் பச்சைப் புள்ளி விழும். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது.

ஒரு தீயணைப்பு நிலையத்தைப் பற்றிய நீளமான தொடரை ஆரம்பித்தோம். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்தர் தூங்கிவிட்டால் மற்றவர் தனியாகப் பார்க்கக் கூடாது. தூங்கியது எப்போதும் நான்தான். விடிகாலையில் வேலைக்குப் போகிறவளுக்கு எட்டரை மணியே நடுராத்திரி. நான் கண்ணை மூடியதும் அவர் படத்தை நிறுத்தி, நான் தூங்கிப்போன இடத்துக்குச் சரியாகப் பின்னால் ஓட்டி வைப்பார். மறுநாள் அங்கிருந்துதான் தொடங்குவோம்.

"நேத்து நீ இங்கதான் போயிட்ட."

"எப்படித் தெரியும்?"

"படம் பாக்குறப்ப உன் கால் கட்டைவிரல் ஆடிக்கிட்டே இருக்கும். தூங்கினா நின்னுடும்."

தூங்குவதுபோல் நடித்தும் பார்த்திருக்கிறேன். விரல் காட்டிக்கொடுத்துவிடும். அவர் மட்டும் ஒருநாள்கூட முந்திக்கொண்டதில்லை. விடுமுறை நாளில், மதியம் சாப்பிட்டதும் நாற்காலியில் ஒரு குட்டித் தூக்கம் போடுவார், அவ்வளவுதான். அப்போது மூக்கிலிருந்து மெல்லிசாக ஒரு விசில் வரும். "குக்கர் வந்துடுச்சு, யாராவது அடுப்பை அணைங்க" என்பேன். திடுக்கிட்டு எழுந்து, தூங்கவே இல்லை என்று சாதிப்பார்.

ஒரு புதன்கிழமை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. மதியம் சாப்பிட்டார், உட்கார்ந்தார், போய்விட்டார் என்றார்கள். டாக்டர் இதயம் என்றார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து ரிமோட்டையும் காணவில்லை. அரிசி டப்பாவுக்குள்கூடக் கைவிட்டுத் தேடினேன்.

டிவியைத் தொடவே மனசு வரவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்தால் வீடு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ரொம்ப நாள் கழித்து, ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். டிவி ஸ்டாண்டின் மேல் வயர் வைத்த மவுஸ் ஒன்று கிடந்தது. அந்த வயர் சோபா வரைக்கும் எட்டாது. நின்றபடியே தொடரைத் திறந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது. அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். படம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அழுதபடியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. படம் நின்றிருந்தது. ஒரு தீயணைப்பு வீரர் ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தார்.

நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் காலைத்தான்.

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நின்றது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிய அதே இடம். தூங்குவதுபோல் நடித்தால் படம் பாட்டுக்கு ஓடியது. நிஜமாகத் தூங்கினால் மட்டும் நின்றது.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் எல்லா செட்டிங்க்ஸையும் குடைந்தான்.

"தானா நிக்கிற மாதிரி இதுல எதுவுமே போடலக்கா. நின்னாலும் சரி, பின்னாடி எப்படிப் போகும்? யாராவது அழுத்தினாத்தான் போகும்."

"யாருடா அழுத்துவா?"

அவன் கம்ப்யூட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"ரிசீவர் இருக்கு. ரிமோட் எங்க?"

"மாமா போன அன்னையிலேருந்து காணோம்."

"அப்ப இது எதுக்கு? கழட்டிடவா?"

"வேண்டாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அவன் போன பிறகு நானே கழற்றினேன். அன்று தூங்கி எழுந்தபோது இரண்டு பகுதிகள் அவை பாட்டுக்கு ஓடி முடிந்திருந்தன.

மறுநாள் ரிசீவரைத் திரும்பச் செருகினேன்.

படம் போட்டேன். சோபாவில் சாய்ந்தேன். கண்கள் சொருகின... இமைகளுக்கு நடுவில் ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது. டிவிக்குப் பின்னால் சுவரில்...

மினுக்.

படம் நின்றது.

மினுக்... மினுக்... மினுக்...

பின்னால் போனது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சோபாவின் இடதுபக்கம் திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. அது அவர் உட்காரும் பக்கம். வேலைக்குக் கிளம்பும் நேரம்வரை டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலைக்குப் போய் ரொட்டிகளை உறையில் போடும்போதுதான் அந்தப் பயம் வேறு மாதிரி திரும்பியது. அவர் என்னை என்ன செய்துவிடப் போகிறார்? நான் விட்ட இடத்தைப் பத்திரமாக எடுத்து வைக்கிறார், அவ்வளவுதானே. பயம் போன இடத்தில் ஒரு கவலை வந்து உட்கார்ந்தது. தொடரில் நாலே பகுதிகள்தான் மிச்சம். அது முடிந்துவிட்டால் அவருக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

அதனால் இழுத்தடித்தேன். ஒரு கை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, சீக்கிரம் தூங்குவதற்காகவே உட்கார்ந்தேன். பத்து நிமிடக் கதையை ஒரு வாரம் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பச்சை விளக்கு மினுக்கியது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

எவ்வளவு இழுத்தாலும் கடைசிப் பகுதி வந்துவிட்டது.

அன்று தூக்கம் வரவே இல்லை. பாதிக்கு மேல் ஓடிவிட்டது. நிலையத்தை மூடப் போகிறார்கள், எல்லோரும் கடைசித் தடவையாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. "தூங்கு, தூங்கு" என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது கேட்டது...

இடதுபக்கம்.

மெல்லிசாக...

விசில்.

மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. விசில்.

நான் திரும்பவில்லை. ஆனால் பயமும் இல்லை. முதல் தடவையாக அவர் முந்திக்கொண்டார் என்று தோன்றியது. பாவம், எத்தனை நாள் எனக்காக விழித்திருந்தார். குக்கர் வந்துடுச்சு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எழுந்து, சத்தம் காட்டாமல் நடந்துபோய், மவுஸை அழுத்திப் படத்தை நிறுத்தினேன். விசில் தொடங்கிய இடத்துக்குப் பின்னால் ஓட்டி வைத்தேன். சட்டம் சட்டம்தானே. திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் வந்தது...

அப்புறம் இடைவெளி விட்டு விட்டு...

நின்றுவிட்டது.

நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பச்சை விளக்கு மினுக்கவே இல்லை. பழைய பகுதிகளைப் போட்டுத் தூங்கிப் பார்த்தேன். அவை பாட்டுக்கு ஓடி முடிந்தன. கடைசிப் பகுதியை மட்டும் நான் தொடவில்லை.

சில நாள் கழித்து, அவரோடு வேலை பார்த்தவர் ஒரு பையோடு வந்தார். வந்தவரை "ஸ்க்ரூ அண்ணன்" என்றால் லிஃப்ட் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். வேலை செய்யும் இடத்தில் என் வீட்டுக்காரரின் டிராயரை அன்று பூட்டியவர்கள், சாவியை எங்கேயோ வைத்து மறந்துவிட்டார்களாம். அந்த வாரம்தான் பூட்டை உடைத்துத் திறந்தார்களாம்.

பையில் டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, அப்புறம் ரிமோட். மூன்று துண்டாகப் பிரித்துக் கிடந்தது. பேட்டரி இல்லை. பின்னால் ஓட்டும் பட்டனில் ரப்பர் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

"இது... அன்னையிலேருந்து டிராயர்லயேவா இருந்துச்சு?"

"ஆமாம்மா. அன்னைக்குச் சாப்பிட்டுட்டு இதைத்தான் பிரிச்சு வச்சுக்கிட்டு இருந்தார். என் பொண்டாட்டி ஒரு தூங்குமூஞ்சி, தினமும் பின்னாடி ஓட்டி ஓட்டிப் பட்டனே தேஞ்சு போச்சுன்னு சொல்லிச் சிரிச்சார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடணும்னார்."

அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டோம்மா. அப்புறம் அவர் கண்ணை மூடிட்டார். மூக்குல விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துது. அசந்து தூங்குறார்னு நினைச்சோம். நான்தான் ரேடியோவைக்கூட நிறுத்தினேன். கொஞ்ச நேரம் வந்துது, அப்புறம் விட்டு விட்டு வந்துது, அப்புறம் நின்னுடுச்சு. நல்ல தூக்கம்னு விட்டுட்டோம்."

தம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுப்பியிருக்கணும்மா" என்றார்.

என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நானும்தான் எழுப்பவில்லை.