தொட்டிலின் மடியில் அதிர்வுப் பெட்டி

டிராம் ஆபீசில் அவருக்குத் தொட்டில் என்று பெயர். வேலை அப்படி. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, வண்டி உடம்பை என்ன பாடு படுத்துகிறது என்று மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் சொகுசு. ஐந்து என்றால் இடுப்பு கழன்றது. பக்கத்து சீட்டில் வார் போட்டுக் கட்டிய அதிர்வுப் பெட்டி தன் பங்குக்குக் குலுக்கலை அளந்து தாளில் கோடு கிழிக்கும். மற்றவர்கள் கண்ணை மூடினால் வேலை போய்விடும்; இவருக்கு அதுதான் வேலை.

மூடிய கண்ணுக்குள் ஊரே மிதக்கும். கடைத்தெரு ஆறாக நழுவும், பாலம் மேகமாக நகரும். ஆஸ்பத்திரி வளைவில் மட்டும் தண்டவாளம் தூக்கிப் போடும். ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மனைவி தினமும் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தாள். எப்படியாவது அந்த வளைவைப் பழுதுபார்க்கும் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும் என்பதே அவர் தவிப்பு.

அளவெடுத்த அன்று அவளும் அதே வண்டியில் ஏறினாள். நல்ல கூட்டம்.

"ஏங்க, பொட்டிக்கு சீட்டு, பொண்டாட்டிக்குக் கம்பியா?"

வாரை அவிழ்த்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தாள். வளைவு தூக்கிப் போட்டது. ஐந்து என்று எழுதினார்.

மறுநாள் மேற்பார்வையாளர் தாளை நீட்டினார். "என்னய்யா தொட்டில், நீ அஞ்சு போட்டிருக்க. பெட்டி என்னடான்னா வெண்ணெயா வழுக்குதுங்குது. பட்டியல்ல ஏத்தாம விட்டுடவா?"

தொட்டில் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். வஞ்சனையில்லாமல் வளர்த்த மெத்தை. குலுக்கலையெல்லாம் அதுவே விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வளைவு அப்படியே கிடக்கும்.

"சார்... பெட்டி சீட்டுல இல்ல. என் மடியில இருந்துச்சு."

"அடப்பாவி! அப்ப இது உன் தொப்பையோட ரிப்போர்ட்டா?"

சிரிப்பு மாடிவரை கேட்டது. சிரித்து ஓய்ந்ததும் மேற்பார்வையாளர் தாளைக் கிழித்துப் போட்டார். "ஓடு, மறுபடி எடு. நாலு மணிக்குப் பட்டியல் போயிடும்."

மதிய வண்டியில் பெட்டி சீட்டில் இறுகக் கட்டிக் கிடந்தது. வளைவில் கோடு எகிறித் தாளின் விளிம்பையே தொட்டது. தொட்டிலுக்கு முத்தமிடலாம் போலிருந்தது, பெட்டியைத்தான்.

மூன்று வாரத்தில் புதுத் தண்டவாளம் வந்தது. அன்று மாலை மனைவி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவரும் கண்ணை மூடினார். ஆறு, மேகம், மறுபடி ஆறு. வளைவு எப்போது போனதென்றே தெரியவில்லை. அவள் வயிற்றின் மேலிருந்த அவர் கைக்கடியில் மட்டும் குட்டியாக ஓர் உதை.

அதற்கு மார்க் போட அவரிடம் தாள் இல்லை.