சுவிட்சைத் தொடாத வீட்டுக்கு ஒரு பாத்ரூம்

ரங்கூனில் பாத்ரூம் வேலை எடுத்துச் செய்கிற பொம்பளை என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன். லான்மடாவில் எனக்கு டைல்ஸ் கடை. காலையில் தின்கன்ஜூனிலிருந்து பஸ் ஏறி வந்து ஷட்டரைத் தூக்கினால், சாயங்காலம் வரை கம்மோடுகளுக்கு நடுவில்தான் என் வாழ்க்கை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். உங்கள் வீட்டில் பைப் ஒழுகும்போது என்னிடம்தானே வருவீர்கள்?

கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு முதல் மாடியில், யூதர் வீடு ஒன்று. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவர் ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், பனைமரம் போல உயரம். நான் அவரை ஊலே என்பேன், பர்மாக்காரர்கள் மாமாவைக் கூப்பிடுகிற மாதிரி. அவர் என்னைத் தமீ, மகளே என்பார். அந்த அம்மா எனக்கு ஆன்ட்டி. புருஷன் தோளுக்குக்கூட எட்டமாட்டார், ஆனால் வாய் மட்டும் அவரைவிட உயரம். எங்கள் பேச்சு முழுக்கப் பர்மிய மொழியில்தான். நான் சொல்லும்போது தமிழாக வருகிறது, என்ன செய்ய.

போன மழைக்காலத்தில் ஆன்ட்டி அந்த வீட்டுப் பழைய பாத்ரூமில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கிற மகள் அன்றே போனில் அழுதாள்: இரண்டு பேரும் கிளம்பி வாங்க. ஆன்ட்டி சரி என்றுவிட்டார். ஊலே மாட்டேன் என்றுவிட்டார். பிறந்த ஊரை விட்டு, வாரம் தவறாமல் போகிற தொழுகைக்கூடத்தை விட்டு, குளிரில் போய் உட்கார அவரால் முடியாதாம். "நீங்க இருங்க, நான் போறேன்" என்று ஆன்ட்டி பெட்டியைக் கீழே இறக்கிவைத்தார். மறுநாள் ஊலே என் கடைக்கு வந்து நின்றார்.

"தமீ, வழுக்காத பாத்ரூம் ஒண்ணு வேணும். சீக்கிரமா."

பெண்டாட்டியைப் போகாதே என்று சொல்ல வாய் வராத மனுஷன் பாத்ரூம் கட்டப் புறப்பட்டுவிட்டார். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று எச்சரித்துப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே டைல்ஸைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆசாரமான வீடு. எனக்குப் பயமில்லை, ஆசாரத்தில் நம்மை மிஞ்சின ஆள் உண்டா? அவர் தயங்கித் தயங்கி, "பேசின் மட்டும் பாத்ரூமுக்கு வெளியில வரணும். ரொட்டி சாப்பிடறதுக்கு முன்னால முறைப்படி கை கழுவணும், அது அங்க ஆகாது" என்றார். இரண்டு கைப்பிடி வைத்த ஒரு சொம்பையும் காட்டினார்.

"இதுக்கா ஊலே இவ்வளவு தயக்கம்? எங்க வீட்டுலயும் பேசின் சாப்பிடற இடத்துலதான்" என்றேன். அவருக்கு உயிர் வந்தது.

என் கொத்தனார் இருக்கிறானே, அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி, கை சுத்தம், வாய்தான் நிற்காது. புது நிலை வைத்து முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லா வாசலிலயும் சாய்ச்சு ஒரு சின்னக் குப்பி அடிச்சிருக்காங்க, இதுக்கு மட்டும் விட்டுப்போச்சு. ஒண்ணு அடிச்சுடவா?" என்றான். ஊலே ஓடி வந்தார். அதற்குள் இருப்பது சாமி எழுத்தாம், கக்கூஸ் வாசலுக்கு ஆகவே ஆகாதாம். அவன் நாக்கைக் கடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

லைட் விஷயத்தையும் ஊலே முதல் நாளே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை பொழுது சாய்கிற வரை அவர்கள் சுவிட்சைத் தொடமாட்டார்கள். பாத்ரூம் பல்பை வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். கரண்ட் போனால் அணையும், வந்தால் எரியும். கரண்ட் வந்ததும் தெருவே "மீ லாப்பீ!", கரண்ட் வந்தாச்சு, என்று கூச்சல் போடும், அந்த ஒரு நாள் மட்டும் ஊலே வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஐயோ பாவமே, சுவிட்சுக்கு இவ்வளவு பாடா என்று எனக்கு மனசு இளகிப்போனது. இளகியிருக்கக் கூடாது.

வேலை முடிகிற வீட்டுக்கு நான் ஏதாவது ஒன்றைச் சும்மா கொடுப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் புது சென்சார் லைட் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஆள் நுழைந்தால் தானே எரியும், வெளியே வந்தால் தானே அணையும், சுவிட்சே கிடையாது. பாட்டரி வேறு, கரண்டையும் நம்ப வேண்டாம். ஊலே வீட்டில் இல்லை. ஆன்ட்டி வெள்ளிக்கிழமைச் சமையலில் மூழ்கியிருந்தார். "இனிமே தொடவே வேணாம் ஆன்ட்டி, நுழைஞ்சாப் போதும்!" என்று கத்தினேன். என்ன ஏது என்று பார்க்காமலே "நல்லா இரும்மா" என்றார். பழைய பல்பைக் கழற்றிக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, ஊரிலேயே புத்திசாலி நான்தான் என்ற நினைப்பில் பஸ் ஏறினேன்.

மறுநாள் மழை கொட்டுகிறது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட ஊலே கடைக்குள் வந்தார். கையில் குடை இல்லை. "என்ன ஊலே இது கோலம்!" என்று துண்டைக் கொடுத்தேன். காட்சிக்கு வைத்திருந்த கம்மோடின் மூடியில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த லைட் நல்லா எரியுது, தமீ."

"பின்னே? நம்பர் ஒன் சரக்கு."

"உள்ள கால் வெச்சாலே எரியுது."

"அதான் சென்சார்!"

"ராத்திரி கரண்ட் போச்சு. அப்பவும் எரிஞ்சுது."

"பாட்டரி ஊலே, பாட்டரி!"

ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது, நான் பூரித்துக்கொண்டே போனேன். அவர் மழையைப் பார்த்தார். பிறகு, "ஆன்ட்டி நேத்து சாயங்காலத்துலேருந்து மேல் மாடி வீட்டுக்கு ஏறி ஏறி இறங்குறா. அந்த முழங்காலோட" என்றார்.

"மேல் மாடிக்கா? எதுக்கு?"

மறுபடியும் மழையைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது. அப்போதுதான் என் மாமியார் ஞாபகம் வந்தார். இருந்தவரைக்கும் அவர் காப்பி கொடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "தலையை என்னவோ பண்ணுது" என்பார். அது காப்பி. "இன்னிக்குக் காத்தே இல்ல" என்பார். அது ஜன்னல். சாடையிலேயே ஒரு குடும்பத்தை நடத்திக் காட்டியவர். அந்த வீட்டில் குப்பை கொட்டிய எனக்கா இது புரியாமல் போகும்?

கால் வைத்தால் எரிகிறது. அப்படியானால் கால் வைப்பவர்தானே லைட்டைப் போடுகிறார்! அதற்குப் பயந்துதான் ஆன்ட்டி மேல் வீட்டுப் பாத்ரூமுக்கு ஏறுகிறார். அட கடவுளே, பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கைப் பிடித்து அவர்கள் பாத்ரூமில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"வாயைத் திறந்து 'எடுத்துடு'ன்னு சொன்னா என்ன ஊலே?"

"சொல்லக்கூடாதும்மா. இன்னிக்கு ஒருத்தரை ஏவினா நானே செஞ்ச மாதிரி."

"குடையும் விரிக்கக்கூடாதா?"

"கூடாது."

ஊரே கரண்டுக்குத் தவம் கிடக்கிற காலத்தில் இந்த மனுஷன் ஒருவர்தான் ராத்திரி கரண்ட் போகாதா என்று ஏங்கியிருப்பார். போயும் என் பாட்டரி விடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"இதைக் கேளுங்க ஊலே, உங்களுக்காக ஒண்ணும் இல்ல. எனக்குக் கடையில வெளிச்சம் பத்தல, என் லைட்டை எனக்கு வேணும்னு எடுத்துட்டு வரப்போறேன்" என்று குடையை எடுத்தேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தார்.

வீட்டில் ஆன்ட்டி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். லைட்டை உருவி நான் பைக்குள் போடுகிற வரை பேசாமல் இருந்துவிட்டு ஆரம்பித்தார். "எனக்காகத்தான் பாத்ரூம் கட்டினாராம். நான் மாடி ஏறிப் போறேன். இந்தக் கூத்தை மகளுக்குச் சொல்லணும். நாளைக்கு போன் பண்ணி டிக்கெட் போடச் சொல்லப்போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஊலே சிரிக்கவில்லை. அந்த அம்மா போனால் அது என் லைட்டால் போனதாகத்தானே இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிற வழக்கம் இல்லை. இருந்தும் கொத்தனாரை இழுத்துக்கொண்டு போய்ப் பழைய பல்பைத் திரும்ப மாட்டினேன். பாக்கி இருந்தது கம்மோடு பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. எந்த உயரத்தில் ஓட்டை போடுவது என்று கேட்டேன்.

"அவ உயரத்துக்கு" என்றார் ஊலே சட்டென்று.

ஆன்ட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். "வேணாம். அவர் உயரத்துக்கு வை."

கொத்தனார் சுவரில் வைத்த பென்சிலை எடுத்துவிட்டான். விழுந்தது இந்த அம்மா, கம்பி மட்டும் அவர் உயரத்துக்கு. இதற்கு மேல் என்ன சாடை வேண்டும்? போவது முடிவாகிவிட்டது. ஊலே அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். டைல்ஸ் நன்றாகப் பதிந்திருக்கிறது என்றார். தண்ணீர் வாட்டம் சரியாக இருக்கிறது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஊலே, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை! எதை வேணும்னாலும் யார்கிட்ட வேணும்னாலும் நேரா கேக்கலாம். கேளுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆன்ட்டியைப் பார்த்தார். அவ்வளவு உயரமான மனுஷன் கொஞ்சம் குனிந்துதான் கேட்டார்.

"போகாதே."

ஆன்ட்டி முந்தானையே இல்லாத சட்டையில் எதையோ தேடிக் கடைசியில் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ராத்திரியில தூக்கக் கலக்கத்தோட எழுந்து எழுந்து போறது யாரு? நீங்கதான். நீங்க விழுந்தா தூக்கப்போறது நான்தான். இந்த ஒடம்பை என்னால தூக்க முடியுமா? அதுக்குத்தான் கம்பியை உங்க உயரத்துக்கு வைக்கச் சொன்னேன்" என்றார். "போறவளுக்கு அந்தக் கவலை எதுக்கு?"