மாமா உட்கார மறுக்கும் முன் சீட்டு

கண்ணுகளா, நம் வேனில் உங்கள் மாமா ஏன் முன் சீட்டில் உட்காருவதே இல்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

பவர் டேபிள் தையல் கூடங்களில் தைத்த பனியன்களை ஏற்றிப்போய்க் கம்பெனிகளில் இறக்குவது என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். நம் வேன் உங்கள் இருவரையும் விட மூத்தது. அதன் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமாவுக்குப் பெண் பார்க்கக் காங்கேயம் பக்கம் கிளம்பினோம். அதற்கு முன் பார்த்த இடங்களில் எல்லாம் ஜாதகம் பொருந்தியது, பெண்ணுக்குத்தான் மாமாவைப் பிடிக்கவில்லை. இந்த இடமும் கைவிட்டுப் போகக் கூடாது என்று உங்கள் அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தாள். பெண்ணின் அப்பாவோ போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: "நாலரைக்கு ராகு காலமுங்க. அதுக்குள்ள ஊட்டுக்குள்ள காலு வெச்சரோணும். தப்புச்சுன்னா, இது வேண்டாம்னு சாமியே சொன்னதா எடுத்துக்குவோமுங்க."

நல்லூர் தாண்டியதும், முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்த மாமா நெளிய ஆரம்பித்தார். அக்காள் புருஷன் என்பதால் என்னை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, சீட்டு சுடுதுங்க."

"பங்குனி வெயிலு மாப்ளே. சுடாம என்ன பண்ணும்?"

"வெயிலு மேல இருந்துதானுங்க அடிக்கும். இது கீழ இருந்து வருதுங்க."

"பொண்ணு பாக்கப் போறவன் கொஞ்சம் பொறுத்துக்கோணும்டா," என்றாள் பின் சீட்டிலிருந்து அம்மா.

பொறுத்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில், இட்லிச் சட்டியைத் திறந்தது போல அவர் கால்களுக்கு நடுவிலிருந்து ஆவி கிளம்பியது. தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களம் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். அம்மா அதட்டினாள்: "ஏனுங்க, குக்கருல விசிலு அடங்காம மூடியத் தொறப்பீங்களா?"

ஆறும் வரை காத்திருந்தோம். மாமா நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சீட்டைத் தூக்கினால், எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் முழுக்க நனைந்திருந்தது. நம் வேனில் ஸ்பேனர் இருக்காது, துணிதான் இருக்கும். ரொம்ப ஈரமாக இருந்த இடத்தில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, அதன் மேல் ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக்கை இழுத்துக் கட்டினேன். களத்துக் காவல்காரரிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். துணி ஊறி மறுபடி சொட்டியது.

"வேர்வைய உறிஞ்சறதுக்குன்னே நெய்யற துணி மாமா அது. அதப் போயி தண்ணிய நிறுத்தச் சொல்றீங்களே!" என்றார் மாமா. அவர் கட்டிங் மாஸ்டர். துணி விஷயத்தில் அவரிடம் வாய் கொடுக்க முடியாது.

"நவுருங்க ரெண்டு பேரும்," என்றாள் அம்மா.

அவள் செக்கிங்கில் வேலை பார்ப்பவள். பனியனில் ஓட்டை எங்கே என்று விரலாலேயே கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவள் வேலை. ஸ்டிக்கர் அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கும். வண்டியை அணைக்கச் சொன்னாள். சூடு தணிந்ததும் குழாயைத் துடைத்து, பனியன் பீஸைத் தடவுவது போல நுனியிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். நான் கட்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே, வளைவின் அடியில் விரல் நின்றது.

"ஓட்டை இங்க. தண்ணி வழிஞ்சு வந்து சேர்ற எடத்துல நீங்க கட்டியிருக்கறீங்க."

அட்டையிலிருந்து இரண்டு ஸ்டிக்கர் சேர்ந்து வந்தன. ஒன்றைக் கையருகில் இருந்த எதிலோ ஒட்டிவிட்டு, மற்றதைக் குழாயில் ஒட்டினாள்.

இந்தத் தடவை மாமா பனியன் பேக் செய்யும் பாலிதீன் கவர்களை அளவெடுத்து நீளநீளமாக வெட்டிக் கொடுத்தார். அவசரத்திலும் ஓரத்துக்கு அரை இஞ்சு கூட விட்டுத்தான் வெட்டினார். முதலில் பாலிதீன், அதன் மேல் எலாஸ்டிக், மறுபடி பாலிதீன் என்று இறுக்கிச் சுற்றினேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "தாங்குமுங்க, ஆனா மெரட்டாதீங்க. சூடு காட்டற முள்ளப் பாத்துக்கிட்டே உருட்டுங்க," என்றார்.

உருட்டினேன். அரிசி மூட்டை ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை முந்திப் போனது. மாமா வெந்த இடத்தில் தலைமுறையாய்ச் சேர்ந்த பனியன் வேஸ்ட்டை எல்லாம் மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். ராகு காலத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது வாசலில் கால் வைத்தோம்.

பெண் காப்பி கொண்டுவந்தாள். மாமாவுக்குக் கொடுக்கக் குனிந்தவள், அவர் தோளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அம்மா என் கையைப் பிடித்தாள். இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி வெளியே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளைல என்ன டேமேஜுன்னு பொண்ணு கேக்குதுங்க."

மாமாவின் வெள்ளைச் சட்டைத் தோளில் சிவப்பு அம்புக்குறி அவர் காதைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங்காம்! எங்களுக்குத் தெரியாது.

அம்மா அழாத குறையாக வழியில் நடந்ததைச் சொல்லி முடித்தாள். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணே வெளியே வந்து, "அந்தக் குழாய்க் கட்டப் பாக்கலாங்களா?" என்றாள். எல்லோரும் காப்பி டம்ளரோடு வாசலுக்குப் போனோம். சீட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை.

"கட்டிங் ஆருங்க பண்ணுனது?" என்று கேட்டாள்.

"நானுங்க," என்றார் மாமா. அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஓரம் நேரா இருக்குதுங்க."

சொல்லிவிட்டு மாமாவின் தோளிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, சுருட்டிப் போட்டாள். "என்ன கண்ணு சொல்றே?" என்றார் அவள் அப்பா.

"பாஸுங்கப்பா."

அவர்தான் உங்கள் அத்தை. இன்றைக்கும் நம் வேனில் ஏறினால் முன் சீட்டில் அத்தைதான் உட்காருவார். மாமா பின்னால், பனியன் மூட்டைகளோடு.