மூன்று சீட்டும் நான்கு பெண்களும்

நாமக்கல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ நர்ஸாக மாற்றலாகி வந்தபோது எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். சொந்த ஊர் வாழப்பாடிப் பக்கம். அங்கே என்னை எதிர்பார்த்திருந்தவர்கள் யாருமில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறை ஜாகை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தப் பாறை சாயங்காலம் என் அறைக்குள் விட்டுவிடும்.

வேலை நாட்களில் ஒன்றும் தெரியாது. பிரசவ வலி கண்ட வீட்டில் என்னைத் தேடி வண்டி அனுப்புவார்கள். அதே குழந்தைக்குப் பேர் வைக்கிற நாளில் கூப்பிட மாட்டார்கள். பொட்டில்லாத நெற்றியோடு நல்ல காரியத்தில் போய் நிற்கக்கூடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். அதில் கோபப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் சிரமம். சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் பொழுது அப்படியே கிடக்கும். சுவரில் பல்லி நகர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாலுகா கச்சேரி தலைமைக் குமாஸ்தாவின் மனைவி ஆளனுப்பினார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் சீட்டுக்கட்டு வைத்து, அவரும் போஸ்ட்மாஸ்டர் மனைவியும் ஒரு இளம்பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு விளையாடிக்கொண்டிருந்த அம்மாள் புருஷனுக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். நாலாவது கை வேண்டுமாம்.

நான் வாசலிலேயே தயங்கினேன். குமாஸ்தா மனைவிக்குப் புரிந்துவிட்டது. "உக்காருங்க சாமி. சீட்டாட்டத்துக்கு என்னுங்க சகுனம்?" என்றார்.

ஆட்டம் மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு வரும். பந்தயம் புளியங்கொட்டை, ஆட்டம் முடிந்ததும் எல்லாம் பானைக்குத் திரும்பிவிடும். நல்ல சீட்டு என்று நினைப்பவர் நடுவில் கொட்டை வைப்பார். மற்றவர்கள் சமமாக வைக்கலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசிவரை நின்றவர்கள் சீட்டைக் காட்டுவார்கள், பெரிய சீட்டுக்கு நடுவில் கிடப்பது முழுவதும். மற்ற எல்லாரும் விலகிவிட்டால், நின்றவர் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஆட்டத்தின் ருசியே அதில்தான். கையில் ஒன்றும் இல்லாமலும் ஜெயிக்கலாம்.

சீட்டைவிட எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பதுதான் பெரிது என்று சீக்கிரமே புரிந்துகொண்டேன். குமாஸ்தா வீட்டம்மா, "என்னமோ போங்க, வெச்சுத் தொலைக்கறேன்" என்று பெருமூச்சு விட்டபடி கொட்டையைத் தள்ளினால், கையில் ராஜாவோ ஆஸோ ஜோடியாக இருக்கிறது என்று அர்த்தம். நிமிர்ந்து உட்கார்ந்து மிடுக்காக வைத்தால் ஒன்றும் இல்லை. போஸ்ட்மாஸ்டர் மனைவியிடம் ஏமாற்று வேலை பலிக்காது. கெட்டிக்காரி என்பதால் அல்ல. மற்றவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அதற்காகவே எந்தச் சீட்டானாலும் கடைசிவரை நிற்பார். அவருக்கு எதிராக நிஜமான சீட்டு வந்தால்தான் வைக்க வேண்டும்.

மூன்றாமவள் பக்கத்துத் தெரு ஜவுளிக்கடைக்காரரின் இரண்டாம் தாரம். இருபது வயது இருக்கும். பிறந்த ஊர் இளம்பிள்ளை, நெசவுக் குடும்பம். மூத்தவளும் அதே வீட்டில்தான் இருந்தாள். பிள்ளைக்காகக் கட்டிவந்த இவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் ஆடுவதே விலகுவதற்குத்தான் என்று தோன்றும். சீட்டை எடுப்பாள், ஒருமுறை பார்ப்பாள், சத்தமில்லாமல் கவிழ்த்துவிடுவாள். எப்போதாவது அவள் கொட்டை வைத்தால் நாங்கள் மூவரும் உடனே விலகிவிடுவோம். அவள் வைத்தால் சீட்டு இருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் மனைவிகூட அவளிடம் மட்டும் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை.

என் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். பிரசவ அறையில் குழந்தை குறுக்கே கிடந்தாலும் தாய்க்குத் தெரியாமல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியவள் நான். ஆட்டத்தில் அது உதவியது. ஆனால் ஜெயித்துவிட்டு ஜாகைக்குத் திரும்பி விளக்கேற்றும்போது, ஒரு மத்தியானம் முழுக்க மூன்று பேர் என் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல் எழுந்துவிட்டார்களே என்று இருக்கும்.

ஆடி மாதம், காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கதவையெல்லாம் சாத்திவிட்டு ஆடினோம். எனக்கு இரண்டு ராஜா வந்தது. நான் வைத்தேன், போஸ்ட்மாஸ்டர் மனைவி வைத்தார். அந்தப் பெண் தன் சீட்டைப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த கொட்டை அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள். அப்படி அவள் செய்ததே இல்லை. "மூணு ஆஸ் வந்திருக்கு இதுக்கு" என்று சொல்லிக் குமாஸ்தா வீட்டம்மா கவிழ்த்தார். போஸ்ட்மாஸ்டர் மனைவியும் கவிழ்த்தார். நானும் ராஜாக்களைக் கவிழ்த்துவிட்டேன்.

அவர்கள் இருவரும் காபிக்காக உள்ளே போனார்கள். நான் கேட்கவில்லை. அவளாகவே சீட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றோடு ஒன்று சேராத மூன்று சீட்டு.

"இத்தன நாளும் நான் விட்டுட்டு விட்டுட்டு இருந்தனில்லீங்களா, அதனாலதானுங்க இன்னைக்கு எல்லாரும் நம்புனீங்க" என்றாள். நடுவில் கிடந்த கொட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, "உங்களுக்குத்தானுங்க்கா பயந்தேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"ரொம்ப நல்ல சீட்டு வந்தா நீங்க கீழ வெச்சு, மேல கைய வெச்சுக்குவீங்க. சுமாரா வந்தா கையிலயே புடிச்சிருப்பீங்க. இன்னைக்குக் கையில புடிச்சிருந்தீங்க. சரி, விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

சீட்டை எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது. புருஷன் இறந்த பிறகு என் கை என்ன செய்கிறது என்று ஒருவரும் கவனித்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டம்ளர் சத்தம் கேட்டது. அவள் சீட்டைக் கட்டுக்குள் சொருகிவிட்டு எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் அந்த விஷயத்தை மற்றவர்களிடம் சொல்லவில்லை. அடுத்த சில வாரங்கள் அவள் பழையபடி விலகிக்கொண்டே இருந்தாள். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமையே தலைமுழுகித் தயாரானேன்.

புரட்டாசியில் ஒருநாள், புதுச்சத்திரத்தில் ஒரு பிரசவத்துக்காகச் சேலம் பஸ்ஸில் ஏறினேன். உள்ளே அவள் இருந்தாள். மடியில் சின்ன மூட்டை. ஜவுளிக்கடைக்காரரே வந்து ஏற்றிவிட்டு, டிரைவரிடம் பத்திரமாக இறக்கிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை, பார்த்துவிட்டு வரப் போகிறாளாம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "இருக்காங்க" என்றாள். அதற்கு மேல் கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுபோல வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டாள்.

புதுச்சத்திரத்தில் இறங்க எழுந்தபோது என் முந்தானையைப் பிடித்தாள். "ஞாயித்துக்கெழம வாரேனுங்க்கா. எனக்கும் சேத்து சீட்டுப் போடச் சொல்லுங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு இருந்தது சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். திரும்பி வருவாயா என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். சரியம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவள் திரும்பவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தாவது பிழைத்துக்கொள்கிறேன், அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையாம். "வாயில வெரல வெச்சாக் கடிக்கத் தெரியாத புள்ளைங்க. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று குமாஸ்தா வீட்டம்மா மாய்ந்து போனார். போஸ்ட்மாஸ்டர் மனைவி யார் யாராக இருக்கலாம் என்று ஆராய்ந்தார். நான் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று பேராக ஆடிப் பார்த்தோம். சுவைக்கவில்லை. பிறகு குமாஸ்தாவுக்கும் மாற்றல் வந்தது. போகும்போது அந்தம்மா சீட்டுக்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் பல ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறையில் பாய் விரித்து நாலு பேருக்கும் சீட்டுப் போட்டு, நாலு கையையும் நானே ஆடியிருக்கிறேன். குமாஸ்தா வீட்டம்மாவின் கையை ஆடுவது சுலபம். போஸ்ட்மாஸ்டர் மனைவியின் கையை யோசிக்கவே வேண்டாம். அந்தப் பெண்ணின் கைக்கு வரும்போதுதான் நின்றுவிடுவேன். வைப்பாளா, விடுவாளா? அவள் உட்காரும் இடத்தில் சீட்டு மூன்றும் கவிழ்ந்தபடி கிடக்கும். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வாரிக் கட்டிவிடுவேன்.

உலகச் சண்டைக் காலத்தில் எனக்குச் சேலத்துக்கு மாற்றலாயிற்று. நூல் கிடைக்காமல் தறிக்காரர்கள் அலைந்துகொண்டிருந்த சமயம். இளம்பிள்ளையில் அம்மை குத்த அனுப்பிய கூட்டத்தோடு நானும் போயிருந்தேன். வரிசையில் தமக்கையின் பிள்ளைகள் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். உடம்பு பூசியிருந்தது. குரலும் உரத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காபி கொடுத்தாள். அண்ணனோடு சேர்ந்து இரண்டு தறி ஓட்டுகிறாளாம். நூலுக்கு யார் யாரிடம் நிற்க வேண்டியிருக்கிறது என்று விவரமாகச் சொன்னாள். நான் நடுவில், இப்போதும் சீட்டாடுவது உண்டா என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "அதெல்லாம் மறந்தே போச்சுங்க்கா. அந்த ஊர்ல என்ன பண்ணுனேன், யாருகூட இருந்தேன், எதுவும் நெனப்புல வெச்சுக்கறதில்ல" என்றாள்.

அது நிஜமா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் திறமை எனக்கு அன்றும் இல்லை. நிஜமாகத்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டை மறந்தால்தான் அவளால் பிழைக்க முடியும். அந்த வீட்டோடு நானும் போக வேண்டியதுதானே.

பஸ் நிற்கும் இடம்வரை வருகிறேன் என்று கிளம்பினாள். தெரு நீளத்துக்குத் தறி நூலை இழுத்துப் பாவு கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் அவளை உதவிக்குக் கூப்பிட்டார்கள். "போய்ட்டு வாங்க்கா" என்று சொல்லிவிட்டு நூலுக்குக் கீழே குனிந்து மறுபக்கம் போய்விட்டாள். பஸ் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. பெட்ரோல் இல்லாமல் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ், மேட்டில் ஏற முடியாமல் இரண்டு இடத்தில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். மற்றவர்களோடு நானும் இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து போனேன்.